இரும்பு மண்டையின் ஞாபகசக்தி

சண்டை போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவர் இருந்தால் அந்த வீட்டில் சண்டையே வராது. டிவி ரிமோட்டுக்காகக்கூட எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதில்லை. அண்ணன் ஜிம்மில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு வந்து, இரண்டு கால்களையும் ஐஸ் வாளியில் வைத்துக்கொண்டு, நான் எதைப் போட்டாலும் பார்ப்பான். சமையல் நிகழ்ச்சி என்றால் கண் இமைக்காமல் பார்ப்பான்.

போன வியாழக்கிழமை நீங்கள் வந்திருந்தீர்கள், மேடம். சண்டைக் கழகத்தின் மருத்துவக் குழுவிலிருந்து வருவதாக அம்மாவிடம் சொன்னீர்கள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். தலையில் அத்தனை அடி வாங்கியவன், சண்டைக்கு முந்தைய நாள் நடந்த ஞாபகப் பரிசோதனையில் எப்படி முழு மதிப்பெண் எடுத்தான்? நான் தண்ணீர் கொண்டுவருவதாகச் சமையலறைக்குள் போனேன். நீங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. மன்னிக்க வேண்டும். எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுதினால் வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை செய்த டாக்டர் மேல் தப்பில்லை. ஜிம் கோச் மேலும் இல்லை. அவர்கள் இருவரும் ரொம்ப நல்லவர்கள்.

அண்ணன் இந்தத் தொழிலுக்கு வந்த கதையே சிரிப்புதான். பதினேழு வயதில் அவன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்தான். ஜிம்மில் சண்டை போடும் கம்பிக் கூண்டின் கதவுக் கீல் உடைந்துவிட்டது என்று அவனை அனுப்பினார்கள். அவன் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பயிற்சி செய்துகொண்டிருந்தவர் விட்ட உதை குறி தவறி அவன் காதோரம் விழுந்தது. அண்ணன் ஒரு தடவை தள்ளாடினான். பிறகு வெல்டிங் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் குனிந்துவிட்டான். கோச் ஓடிவந்தார்.

“தம்பி, வலிக்கலையா?”

“வலிக்குது சார். ஆனா கதவு இன்னும் முடியலையே.”

கோச் இதை இருநூறு பேரிடமாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் உதை கொஞ்சம் பலமாகிக்கொண்டே போகும்.

அண்ணன் போட்டது வெறும் குத்துச்சண்டை அல்ல. அதில் குத்தலாம், உதைக்கலாம், கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கலாம், விழுந்தவன் மேல் உட்கார்ந்தும் அடிக்கலாம், கையையோ கழுத்தையோ பூட்டுப் போட்டு இறுக்கலாம். எட்டு வருஷத்தில் பத்தொன்பது சண்டைகள், பதினைந்து வெற்றி. அவனிடம் பெரிய வித்தையெல்லாம் கிடையாது. மூன்று அடி வாங்கி ஒரு அடி கொடுப்பான். அந்த மூன்றையும் வாங்கிவிட்டு நின்றுகொண்டே இருப்பான். அடித்தவனுக்கே பயம் வந்துவிடும். அதனால்தான் கூட்டம் அவனுக்கு ‘இரும்பு மண்டை’ என்று பெயர் வைத்தது. அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. “பெத்தவகிட்ட கேக்காம பேர் வெக்கறாங்க பாரு” என்பாள். சண்டை நாட்களில் அவள் டிவி பக்கமே வராமல், துணியே போடாமல் வாஷிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒருநாள் பாட்டை மனப்பாடமாகச் சொல்ல எழுப்பினார்கள். பாட்டு எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வகுப்பு முடிகிறவரை அப்படியே நின்றேன். மறுநாள் வயிற்று வலி என்றேன். அந்த வயிற்று வலி இன்னும் சரியாகவில்லை என்று அண்ணன் கிண்டல் செய்வான். வீட்டில் சும்மா இருந்த என்னைத் தன் பையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னதும் அவன்தான்.

அப்படித்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஐஸ் உடைப்பது, கையில் துணி சுற்றுவது, வாயில் வைக்கும் ரப்பரைக் கழுவுவது. சண்டைக்கு முந்தைய வாரம், அவனுடைய எடைப் பிரிவுக்குள் வருவதற்காக எடை குறைக்கும் வாரம். அப்போது அவன் பொட்டலம் கட்டியதுபோல மூன்று ஸ்வெட்டர்களுக்குள் உட்கார்ந்து வியர்ப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சமையல் புத்தகத்திலிருந்து சத்தமாகப் படிக்க வேண்டும். “வெண்ணெய் போடற இடத்தை இன்னொரு தடவை படி” என்பான். தராசில் ஏறும்போது கடைசி ஐம்பது கிராமுக்காக உள்ளாடையையும் கழற்றுவான். கோச் ஒரு பக்கமும் டாக்டர் ஒரு பக்கமுமாகத் துண்டைப் பிடிப்பார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த அறையின் கூரையில் எத்தனை கறைகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

ஜிம்மில் எல்லோரும் என்னைத் தங்கச்சி என்பார்கள். நான் பேசாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே பாதிப் பேருக்கு வாய் வீங்கியிருக்கும்; அவர்களும் பேசமாட்டார்கள்.

பதினோராவது சண்டைக்குப் பிறகுதான் பரிசோதனையில் அண்ணன் தடுமாறினான். உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். அரங்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு பெஞ்சு. டாக்டர் ஐந்து வார்த்தைகள் சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் கழித்து அதே வார்த்தைகளை மறுபடி கேட்பார். நடுவில் எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். அன்றைக்கு அண்ணன் இரண்டு வார்த்தைதான் சொன்னான். டாக்டர் தோளில் தட்டி, மூன்று மாதம் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மூன்று மாதமும் வீடு வீடாகவே இல்லை. கோச் வரவில்லை. ஐஸ் உடைக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா வேலை பார்க்கும் பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் போட ஆள் எடுக்கிறார்கள் என்றாள். நீளமான மேஜையில் நாற்பது பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, எட்டு மணி நேரமும் பேசிக்கொண்டே வேலை செய்வார்களாம். “நீயும் நாலு வார்த்தை பேசக் கத்துக்குவ” என்றாள் அம்மா, ஆசையாகத்தான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் அடுத்த முறை அந்த அறைக்குப் போனபோது நான் கவனித்தேன். டாக்டரிடம் நான்காக மடித்த ஒரு அட்டை இருந்தது. உங்கள் குழு கொடுத்ததுதான். அதில் ஆறு பட்டியல்கள் இருந்தன, பட்டியலுக்கு ஐந்து வார்த்தைகள். ஒவ்வொரு வீரரிடமும் ஏதாவது ஒன்றைக் கேட்பார். நான் பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருப்பேன். என்னை யாரும் வெளியே போகச் சொன்னதில்லை. பெஞ்சை யாராவது வெளியே போகச் சொல்வார்களா? ஜிம்மின் மற்ற பையன்களுக்காகத் துண்டு தூக்கிப் போன நான்கு போட்டிகளில் ஆறு பட்டியல்களும் என்னிடம் வந்துவிட்டன.

பிறகு அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் இவைதான் என்பேன். வெறுமனே சொன்னால் அவன் தலையில் நிற்கவில்லை. அதனால் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு தாளம் வைத்தேன். சின்ன வயதில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து கைதட்டி விளையாடியதுபோலவே, சமையலறைத் தரையில்.

“வாளி, குருவி, மெழுகு, ரயில், தலையணை. சொல்லு.”

“வாளி, குருவி, மெழுகு… தலையணைன்னதும் தூக்கம் வருது டீச்சரம்மா.”

“நடுவுல ரயிலை எங்க விட்ட?”

“ரயில் போயிடுச்சு. நீ லேட்டா வந்துட்ட.”

அவனுக்கு அப்போதுதான் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடும் பழக்கம் வந்தது. தப்பாகச் சொன்னால் தலையில் குட்ட மாட்டேன், காலில் கிள்ளுவேன். தலையில் குட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

மூன்று வாரத்தில் பட்டியல் அவன் நாக்கில் ஏறிவிட்டது. முதல் வார்த்தையைக் கேட்டதும், நான் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மீதி நான்கும் தானாக வந்து விழும். அவன் யோசிக்கவே தேவையில்லை. எண்களுக்கும் ஒரு வழி வைத்தேன். டாக்டர் சொன்ன எண்களை நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி முழங்காலில் தலைகீழாகத் தட்டுவேன். துண்டுக்கு அடியில் என் கை இருக்கும். துணி அசைவது அவனுக்கு மட்டும் தெரியும். அடுத்த பரிசோதனையில் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“மண்டை மட்டும் இல்லப்பா, ஞாபகசக்தியும் இரும்புதான் உனக்கு.”

நாங்கள் வீடு வரும்வரை சிரித்தோம். ஒன்பதாம் வகுப்பில் நின்ற நான் எதிலாவது பாஸ் ஆனது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஏழு சண்டைகள். வீட்டில் அவன் செய்த கூத்துக்கெல்லாம் அளவே இல்லை. செருப்பைக் கழற்றி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தான். கவிழ்த்துவைத்த டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். ஒருநாள் ஜிம்மிலிருந்து கிளம்பியவன் வேறு ஏதோ தெருவில், யார் வீட்டு வாசலிலோ நின்றுகொண்டு, “இங்க எங்க வீடு இருந்துச்சே” என்று கேட்டிருக்கிறான். அந்த வீட்டுக்காரர் அவனை அடையாளம் கண்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, வண்டியில் கொண்டுவந்து விட்டார். வெயில் பட்டால் கண் கூசும் என்று ஜன்னலுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டினேன். அலமாரிக் கதவுகளில் ‘சட்டை’, ‘டம்ளர்’, ‘இது அம்மாவுடையது, தொடாதே’ என்று எழுதி ஒட்டினேன். அவனும் கீழே மீசை வரைந்து விளையாடுவான்.

அம்மா ஒருநாள் கேட்டாள்.

“என்னடி இவன், கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கறான்?”

“யாரையோ லவ் பண்றான்மா.”

அம்மா இரண்டு மாதம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். கம்பெனியிலிருந்து வரும் வழியில் எதிரில் வரும் பெண்களையெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். அவளை அப்படிப் பார்க்க எனக்கும் நன்றாக இருந்தது.

பட்டத்துக்கான சண்டை அறிவித்தார்கள். கோச் இருபது வருஷமாகக் காத்திருந்தது அதற்குத்தான். பட்டம் ஜெயித்தால் கிடைக்கும் பெல்ட்டைத் தொங்கவிட ஜிம் சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார். வந்துபோகிறவர்கள் அதில் தொப்பியை மாட்டினால் திட்டுவார்.

சண்டைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மதியம், நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் மேலே வந்தான். கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

“டீச்சரம்மா, எனக்குப் போதும்னு தோணுது.”

“என்ன போதும்?”

“அடி. தலைக்குள்ள எப்பவும் யாரோ பாத்திரம் கழுவற மாதிரியே சத்தம். நேத்து உன் பேரு வர கொஞ்ச நேரமாச்சு.”

நான் ஒரு தலையணை உறையை உதறினேன்.

“கோச் கிட்ட சொல்லிடேன்” என்றேன்.

“அந்த ஆணியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? அவர் மூஞ்சியப் பாத்து என்னால முடியாது. ஆனா டாக்டர் நிறுத்திட்டா யாருக்கும் கோவம் வராதுல்ல? டெஸ்ட்ல நான் தப்பா சொல்லிடறேன். நீ மட்டும் கண்டுக்காம உக்காந்துக்கோ.”

அவன் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். பழைய பட்டறை முதலாளி மேற்பார்வை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, கண்களைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“அப்புறம் உன்னை டுடோரியல்ல சேக்கறேன். போய்க் கேட்டுட்டேன். முப்பது பேருதான் ஒரு கிளாஸ்ல. பத்தாவது எழுதற. எனக்கே இவ்வளவு சொல்லிக்குடுத்தவ, நீ பாஸ் பண்ண மாட்டியா? ஐஸ் உடைச்சு உடைச்சே கிழவியாயிடுவியாடி?”

“சரிண்ணா” என்றேன்.

அவன் கீழே போகும்போது விசிலடித்துக்கொண்டு போனான். ரொம்ப நாளைக்குப் பிறகு விசிலடித்தான்.

பரிசோதனை அறையில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. டாக்டர் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் நான், எனக்கு எதிரே அண்ணன், வாசலில் கோச். டாக்டர் அட்டையைப் பிரித்தார்.

“வாளி, குருவி, மெழுகு, ரயில், தலையணை. சொல்லுப்பா.”

“வாளி” என்றான் அண்ணன். பிறகு நிறுத்தினான். “மறந்துபோச்சு டாக்டர்.”

“நிதானமா சொல்லு. அவசரமே இல்ல.”

“இல்ல டாக்டர். வரல.”

அவன் நன்றாகவே நடித்தான். டாக்டர் பேனாவைத் திறந்தார். கோச் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான், வார்த்தை வரவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் என்னைவிட யாருக்கும் தெரியாது. அவனை அப்படி நிற்கவிட எனக்கு மனம் வரவில்லை. நான் முழங்காலில் தட்டினேன். துண்டை எடுத்துவிட்டு, அவனுக்குச் சத்தம் கேட்கும்படியாகவே தட்டினேன்.

“குருவி மெழுகு ரயில் தலையணை” என்றது அவன் வாய்.

அவன் சொல்லவில்லை, மேடம், வாய்தான் சொன்னது. மூன்று வருஷப் பழக்கம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. கடையில் தன் பையை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறவர்கள் முகம் இருக்குமே, அப்படி இருந்தது. டாக்டர் சிரித்துவிட்டார்.

“பட்டச் சண்டை வந்ததும் குறும்பு கூடிப்போச்சு இவனுக்கு!”

கோச்சும் சிரித்தார். அவ்வளவு பேர் சிரித்த பிறகு அண்ணனும் சிரித்தான். எண்களைக் கேட்டபோது அவன் கண்களை மூடிக்கொண்டான். அதனால் பெஞ்சிலேயே தட்டினேன். அதுவும் வந்தது.

எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடப்போகும்போது, டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

“நீ சொல்லும்மா. கூடவே இருக்கறவ நீதான். வீட்டுல மறதி, தலைவலி, வேற ஏதாவது? ஒரு சந்தேகம்னாகூட சொல்லு, நான் நிறுத்திடறேன்.”

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோச்சும் பார்த்தார். மூன்று பேர் எதிரில் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். குரல் வந்தது, மேடம். தடங்கலே இல்லாமல், வாசல்வரை கேட்கும்படி வந்தது.

“ஒண்ணுமே இல்ல டாக்டர். நல்லா இருக்காரு.”

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு முழுவதும் அந்தக் குரலை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் இரண்டு சுற்றும் அண்ணனுடையதுதான். மூன்றாவதில் ஒரு சாதாரணக் குத்து. அவன் வாங்கியதில் நூறில் ஒன்றுகூடத் தேறாது. அண்ணன் செருப்பு வாரைப் போட உட்காருகிறவன்போல நிதானமாக உட்கார்ந்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்துகொண்டான். மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். இருபத்து மூன்று நாள் கண் திறக்கவில்லை. கழகத்தில் டாக்டரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக நீங்கள் அம்மாவிடம் சொல்லித்தான் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிரிக்கிற மனிதர். அதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். அந்த அட்டையையும் மாற்றிவிடுங்கள். ஒரு பையில் ஐந்நூறு வார்த்தைகளைப் போட்டு, கண்ணை மூடி எடுக்கச் சொல்லலாம். அறையில் வேறு யாரையும் உட்கார விடாதீர்கள்.

இப்போது அண்ணன் வீட்டில்தான் இருக்கிறான். வலது கையும் காலும் வராது. பேச்சு போய்விட்டது. நான் தட்டினால் மட்டும் அந்தப் பட்டியல்கள் வரும், ஆறும் வரும். பேச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறவர் வந்து பார்த்து அசந்துபோனார். வேறு யார் தட்டினாலும் வருவதில்லை. காலையில் குளிப்பாட்டி, முகம் வழித்து, ஜன்னல் பக்கம் உட்கார வைக்கிறேன். முட்டையை மசித்து ஊட்டுகிறேன். எடை பற்றிய கவலை இல்லாமல் இப்போது வெண்ணெய்கூடப் போடலாம். கன்னம் வைத்து, பார்க்க அழகாக இருக்கிறான். கோச் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்து நான்தான் தேற்றுகிறேன். அம்மா இப்போதெல்லாம் வாஷிங் மெஷினில் துணி போட்டுத்தான் ஓட்டுகிறாள். பிஸ்கட் கம்பெனிப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. டுடோரியலிலிருந்து ஒருமுறை போன் வந்தது. வீட்டில் ஆள் வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அவன் நிறுத்த நினைத்தான், அதைத் தெரிந்துகொண்டுதான் தட்டினேன். டாக்டரிடம் பொய் சொன்னதும் நான்தான். எதற்கென்று கேட்பீர்கள். அவன் எல்லோர் முன்னாலும் தோற்று நிற்கக் கூடாது, அவ்வளவுதான். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.

இதைப் படித்ததும் என்னைப் பற்றி ஏதாவது நினைப்பீர்கள். அதற்கு முன்பு ஒருநாள் வந்து அண்ணனையே கேட்டுப் பாருங்கள். ஏழு மாதம் ஆகிறது. என்னைப் பற்றி ஒரு குறை அவன் வாயிலிருந்து வந்ததில்லை.